மனசுக்காக வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு

போன வருடம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, ஸ்ட்ரெஸ் பார்க்கிற வாட்ச் ஒண்ணு வாங்கணும். எது நல்லா இருக்கும்?"

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். தூக்கம் கெட்டு, பதற்றம் கூடி, சில மாதங்களாக ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். எத்தனை மணிக்குப் படுத்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று குறித்துக்கொண்டு வரவும் சொல்லியிருந்தார். நோட்டில் எழுதும் வேலை மூன்றாம் நாளே நின்றுபோயிற்று. அதனால்தான் வாட்ச்.

"தூக்கத்தைப் பார்க்கலாம், நடையைப் பார்க்கலாம். ஸ்ட்ரெஸ்ஸை எதுக்கும்மா வாட்ச்ல பார்க்கணும்?" என்றேன்.

"நமக்கே தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடுமாமே மாமா."

இந்த நம்பிக்கையை விதைத்தது விளம்பரம். என் கையிலும் அப்படி ஒரு வாட்ச் இருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். என் மகள் கல்யாணத்தில் கெட்டிமேளம் முழங்கி, மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போடுகிற அந்த நொடியில் மணிக்கட்டு அதிர்ந்தது. உங்கள் மனஅழுத்தம் அதிகமாக இருக்கிறது, ஒரு நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடுங்கள் என்றது. கண்ணில் தண்ணீரோடு அட்சதை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு வந்த அறிவுரை! இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இன்னொன்றைச் சொல்ல அவ்வளவு எளிதில்லை. என் அண்ணன் போய், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள், நான் பாயை விட்டு எழவே இல்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தேன். அன்று சாயங்காலம் அதே வாட்ச், இன்று நீங்கள் நன்றாக ஓய்வெடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டியது.

வாட்ச் கெட்டுப்போகவில்லை. இரண்டு நாளும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அந்த வேலை என்ன என்பதில்தான் நமக்குக் குழப்பம்.

வாட்சைக் கழற்றித் திருப்பினால் அடியில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒரு முறை அடிக்கும்போது மணிக்கட்டின் நுண்குழாய்களுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த அடிக்கு முன் மறுபடி கூடுகிறது. பக்கத்தில் இருக்கும் சென்சார் இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது.

ஸ்ட்ரெஸ் எண் இதிலிருந்து இன்னொரு படி தள்ளி வருகிறது. நாடி நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒன்று என்று கடிகாரம் மாதிரி அடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் அடிக்கும். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள், பலருக்கு விரலுக்கே தெரியும். அடிக்கும் அடிக்கும் நடுவிலான இந்த இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் ஹெச்.ஆர்.வி. என்கிறார்கள். உடம்பு ஆசுவாசமாக இருக்கும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக, உடம்பை அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் இதயத்தை லேசாகக் கடிவாளம் போட்டுப் பிடித்திருக்கும். இடைவெளிகள் நெகிழ்ந்து மாறும். உடம்பு முறுக்கிக்கொள்ளும்போது கடிவாளம் தளர்ந்து, உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்பு மண்டலத்தின் கை ஓங்கி, துடிப்பு வேகமாகவும் ஒரே சீராகவும் ஆகிவிடும். கை கால் அசையாமல் இருக்கும்போதும் நாடி கூடி, இடைவெளி மாற்றம் குறைந்திருந்தால் வாட்ச் அதை ஸ்ட்ரெஸ் என்று எழுதுகிறது.

கவனியுங்கள், இந்தக் கணக்கில் மனசு எங்குமே வரவில்லை. உடம்பு முறுக்கிக்கொண்டிருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். தாலி கட்டும் நேரத்துப் பூரிப்பு, சூப்பர் ஓவர், இரண்டாவது டம்ளர் ஃபில்டர் காபி, காய்ச்சல், ராத்திரி பத்தரைக்குச் சாப்பிட்ட பரோட்டா, மேனேஜர் திட்டியது எல்லாம் அதற்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் தெரியும். மனச்சோர்வில் ஒருவர் அசையாமல் கிடப்பதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணிக்குப் பின் இன்னொருவர் சாய்ந்து கிடப்பதும் கூட ஒரே மாதிரி தெரியலாம்.

வாட்ச் சொல்வதற்கும் மனசு சொல்வதற்கும் நடுவில் உள்ள இந்த வித்தியாசத்தை ஆராய்ச்சியாளர்களும் பார்த்துவிட்டார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 800 மாணவர்களுக்கு கார்மின் நிறுவனத்தின் விவோஸ்மார்ட் 4 என்ற வாட்சைக் கட்டிவிட்டு மூன்று மாதம் பின்தொடர்ந்தார்கள். நாளுக்கு நான்கு முறை போனில், இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்வி போகும். 2025-இல் வெளியான முடிவு: மாணவர்கள் சொன்ன ஸ்ட்ரெஸ்ஸுக்கும் வாட்ச் சொன்ன ஸ்ட்ரெஸ்ஸுக்கும் பெரும்பாலானவர்களிடம் சம்பந்தமே இல்லை. தூக்கத்தில் மட்டும் ஓரளவு ஒத்துப்போனது. கார்மினைக் குறிப்பாகக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த ஃபர்ஸ்ட்பீட், பின்லாந்தில் விளையாட்டு வீரர்களின் உடலியலை வைத்து வளர்ந்த நிறுவனம். 2020-இல் கார்மின் அதை விலைக்கே வாங்கிவிட்டது. இந்தத் துறையில் கவனமாக வேலை செய்பவர்கள் அவர்கள். அவர்களுக்கே இந்த நிலைமை என்பதுதான் செய்தி.

தோலின் ஈரத்தை அளக்கும் வாட்சுகள் வேறு ஜாதி. பரிவு நரம்புகள் தூண்டப்படும்போது வியர்வைச் சுரப்பிகள் லேசாகத் திறக்கும், தோலில் மின்சாரம் கடக்கும் அளவு மாறும். ஃபிட்பிட் 2020-இல் சென்ஸ் என்ற மாடலில் இதைக் கொண்டுவந்தது. உள்ளங்கையை வாட்சின் மேல் பொத்திக்கொண்டு சில நிமிடம் உட்கார வேண்டும். 2022-இல் வந்த சென்ஸ் 2 நாள் முழுக்கத் தானாகவே பார்த்தது, பிறகு அது கூகுளின் பிக்ஸல் வாட்ச் 2-க்கும் போனது. கொள்கையளவில் நல்ல யோசனை. ஆனால் வியர்வைக்குக் காரணம் பயமா வெயிலா என்று சென்சார் சும்மா கண்டுபிடித்துவிடாது. அதற்காக வெப்பநிலை, நாடி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். மே மாதம் கிண்டியில் பஸ்ஸுக்கு நிற்கிறவரின் தோல் ஈரத்தை வைத்து அவர் மனதைப் படிக்க எனக்குத் தைரியம் வராது.

அப்படியானால் வாங்கவே வேண்டாமா? அக்கா மகளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ட்ரெஸ் எண்ணுக்காக வாங்காதே என்றுதான் சொன்னேன். இந்தச் சாதனங்கள் மனதுக்கு உதவும் வழி தலை வழியாக இல்லை, கால் வழியாக வருகிறது. 2022-இல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 39 தொகுப்பாய்வுகளையும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்த கணக்கு அது. டிராக்கர் கட்டியவர்கள் சராசரியாக நாளுக்கு 1,800 காலடி கூடுதலாக நடந்தார்கள். மனநிலையில் நேரடியாக ஏற்பட்ட மாற்றம் சிறியது, உறுதியாகச் சொல்ல முடியாதது. இதோடு 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டதையும் வைத்துப் படியுங்கள்: 218 பரிசோதனைகளில் 14,170 பேரைப் பார்த்ததில் நடை, ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி எல்லாமே மனச்சோர்வைக் குறைக்க உதவின. ஆக வாட்ச் உங்களை எழுப்பி நடக்கவைக்கிறது, நடை மனதுக்கு உதவுகிறது. நடுவில் உள்ள அந்தக் கால்களை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை.

10,000 அடி என்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். படுக்கையை விட்டு எழவே சிரமப்படுகிறவரின் கையில் 10,000 என்று இலக்கு வைப்பது, அவருக்குத் தினமும் ஒரு ஃபெயில் மார்க் போடுவதற்குச் சமம். இலக்கை 3,000 என்று குறைத்து வைக்க முடிகிறதா, ஒரு நாள் தவறினால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று ஆப் ஒப்பாரி வைக்கிறதா என்பதைப் பாருங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் ஆப்பின் செட்டிங்ஸில் நோண்ட வேண்டும்.

தூக்கம் இரண்டாவது. இதில் ஒரு பொறி உண்டு. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம், கனவுத் தூக்கம் இத்தனை என்று வண்ணப் பட்டைகள் வரும். ஆஸ்பத்திரியில் தூக்க நிலைகளைப் பிரிக்க மூளையலையைப் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டில் மூளையலை இல்லை. அசைவும் நாடியும் வைத்து ஊகம்தான். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதைச் சுமாராகச் சரியாகச் சொல்லும். விழித்துக்கொண்டு அசையாமல் விட்டத்தைப் பார்த்த நேரத்தையும் தூக்கத்தில் சேர்த்துவிடும். பட்டைகளை விட்டுவிட்டு, நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். மனம் ஒரு சமயம் அளவுமீறிய எழுச்சியிலும் ஒரு சமயம் ஆழ்ந்த சோர்விலும் போகிற இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த நேரக் கணக்கு உண்மையிலேயே பொன். தூக்கம் திடீரென்று குறைந்தும் சோர்வே தெரியாமல் இருப்பது எழுச்சி நிலை வரப்போவதற்கான பழைய அடையாளம், அது அவர்களுடைய மருத்துவருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

நேரத்தை விட்டு ஸ்கோரைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் பெயர் வைத்தாகிவிட்டது. 2017-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ இதழ் ஒன்றில் கெல்லி பரோனும் சகாக்களும் 'ஆர்த்தோசோம்னியா' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். டிராக்கர் காட்டும் தூக்கத்தைக் கச்சிதமாக்க வேண்டும் என்ற கவலையிலேயே தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள். 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னும் குறும்பான ஒரு வேலை செய்தார்கள். தூக்கமின்மை உள்ளவர்களுக்கு வாட்ச் கட்டிவிட்டு, எப்படித் தூங்கினார்கள் என்பதைப் பார்க்காமலே, சிலருக்கு நேற்று மோசமாகத் தூங்கினீர்கள் என்றும் சிலருக்கு நன்றாகத் தூங்கினீர்கள் என்றும் பொய்த் தகவல் கொடுத்தார்கள். மோசம் என்று கேட்டவர்கள் பகல் முழுக்க அதிகம் களைத்தார்கள், மனநிலையும் சரிந்தது. காலையில் கண் விழித்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று தன்னைக் கேட்காமல் போனைக் கேட்கிற பழக்கம் அவ்வளவு சாதுவானதில்லை. ஏற்கெனவே பதற்றம் உள்ளவர், நெஞ்சு படபடப்பைப் பற்றியே நினைப்பவர் என்றால், நாடியை எந்நேரமும் திரையில் காட்டும் வாட்சை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் அதைப் பார்ப்பார், பயப்படுவார், நாடி ஏறும், மறுபடி பார்ப்பார்.

இதனால்தான் திரையே இல்லாத சாதனங்கள் மேல் எனக்கு ஒரு சாய்வு. பின்லாந்தின் ஊரா, பெங்களூருவின் அல்ட்ராஹியூமன் போன்றவை மோதிரங்கள். ஊப் என்பது முகமே இல்லாத பட்டை. எதிலும் எண் மின்னாது. மோதிரம் விரலில் இறுக்கமாக இருப்பதால் ராத்திரியில் சிக்னலும் நன்றாகக் கிடைக்கும். ஊராவுக்கும் ஊப்புக்கும் சந்தா கட்ட வேண்டும், அல்ட்ராஹியூமனின் அடிப்படைச் சேவைக்கு மாதச் சந்தா இல்லை. ஆனால் பாத்திரம் தேய்க்கிறவருக்கும், ஜிம்மில் கம்பி பிடிக்கிறவருக்கும், சம்மரில் விரல் வீங்குகிறவருக்கும் மோதிரம் தொல்லைதான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வாட்சில் ஒரு நல்ல விஷயம் உண்டு, அது சென்சார் சம்பந்தப்பட்டதே இல்லை. 2023 முதல், இப்போது உங்கள் மனநிலை என்ன என்று அது உங்களையே கேட்டுக் குறித்துக்கொள்ளும். போனின் ஹெல்த் ஆப்பில், மருத்துவர்கள் பயன்படுத்தும் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளும் பதற்றத்துக்கான ஏழு கேள்விகளும் இருக்கின்றன. பச்சை விளக்கை விட இந்தக் கேள்விகள் மனதுக்குக் கிட்டே இருக்கின்றன என்பேன். இதற்காக மட்டும் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை, தினமும் ராத்திரி காலண்டர் தாளில் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதினாலும் நடக்கும்.

மறுமுனையில் 1,500 ரூபாய் வாட்சுகள். பெட்டியின் மேல் ஸ்ட்ரெஸ், ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம் என்று எல்லாமே இருக்கும். அப்படி ஒன்றை வாங்கி வந்து, பஜ்ஜிக்கு வைத்திருந்த வாழைக்காயில் கட்டினேன். 74 என்றது. கொஞ்ச நேரம் கழித்து 81. காய்க்கு ஏதோ பதற்றம். இதை வைத்து அது கையில் காட்டுவதும் பொய் என்று முடிவு கட்டிவிட முடியாது. எதிரொளிக்கும் பரப்பில் ஏதோ ஒரு சலனம் தெரிந்தால் மென்பொருள் அதில் ஒரு தாளத்தைத் தேடிப் பிடித்துவிடுகிறது. எனக்கு உறுத்தியது வேறு: தெரியவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. நல்ல சாதனம் சிக்னல் சரியில்லாத நேரத்தைக் காலியாக விடும். நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போது ஸ்ட்ரெஸ் கணக்குப் போடாமல் ஒதுங்கிக்கொள்ளும். ஆப்பின் வரைபடத்தில் இடைவெளிகள் இருந்தால் அதைக் குறை என்று நினைக்காதீர்கள், 24 மணி நேரமும் கோடு அறாமல் ஓடுகிற வரைபடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன்.

துல்லியம் பற்றி இன்னும் கொஞ்சம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு டிராக்கர்களைச் சோதித்ததில் ஆறு, நாடியை 5 சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு சொன்னன. கலோரியில் மிகச் சிறந்ததே 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். அந்த ஆய்வில் கருமையான தோலில் பிழை கூடியது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, கை அசைவால்தான் பிழை ஏறியது. நம் தோலுக்கு எது பொருந்தும் என்று கட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவு இறுக்கமாகக் கட்ட வேண்டும். வளையல் போட்ட கையில் கட்டினால் அது இடித்துக்கொண்டே இருக்கும்.

பதற்றத்துக்காக புரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி இயல்பாகவே அடங்கியிருக்கும், சில மனச்சோர்வு மாத்திரைகள் நாடியை ஏற்றும். வாட்சுக்கு மாத்திரை விவரம் தெரியாது. அது காட்டும் எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதோ கூட்டுவதோ கூடாது. ஹெச்.ஆர்.வி. ஆளுக்கு ஆள் மாறும், வயது ஏற ஏறக் குறையும். ஆபீஸ் நண்பருடைய எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்வதில் பயனே இல்லை.

தகவல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும், அதிலும் ஆப்பில் மனநிலையை எழுதப் போகிறீர்கள் என்றால் கட்டாயம். 2021 ஜனவரியில் கூகுள் ஃபிட்பிட்டை வாங்கி முடித்தபோது, உடல்நலத் தகவலைப் பத்து வருடத்துக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் கட்டாய நிபந்தனை வாங்கியது, அது ஐரோப்பியர்களுக்கு. இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அவை படிப்படியாகத்தான் அமலாகும். ஆபீஸில் ஆரோக்கியத் திட்டம் என்று சும்மா கொடுக்கிற வாட்சை மட்டும் யோசித்துக் கட்டுங்கள். நீங்கள் ராத்திரி மூன்று மணி வரை தூங்கவில்லை என்பது மேனேஜருக்குத் தெரிய வேண்டிய தகவல் இல்லை.

எந்த வாட்சுக்கும் வராத ஒன்று, ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் பேச்சைக் கேட்பது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிற இரவு என்றால் 14416. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது.

கடைசியில் அக்கா மகளுக்குச் சில ஆயிரம் ரூபாயில் ஒரு சாதாரணப் பட்டைதான் வாங்கினோம். ஒரு சார்ஜ் பத்து நாளுக்கு மேல் நிற்கும் என்பதுதான் முக்கியக் காரணம். மனசு சோர்ந்து கிடக்கும் நாளில் தினமும் சார்ஜ் போடச் சொல்லும் வாட்ச் மேஜை டிராயருக்குத்தான் போகும். நானே உட்கார்ந்து ஸ்ட்ரெஸ் எச்சரிக்கை, வாட்ஸ்அப், எல்லா அதிர்வையும் அணைத்தேன். நடையும் தூக்க நேரமும் மட்டும் மிச்சம்.

இரண்டு மாதம் கழித்து மருத்துவரிடம் போனில் காட்டியிருக்கிறாள். அவர் நடைக் கணக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தூக்கப் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாராம்.

"இந்த ஆறு நாள் ஒண்ணுமே இல்லையேம்மா?"

"சார்ஜ் தீந்துபோச்சு டாக்டர். போடல."

"ஏன் போடல?"

அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினேன் மாமா என்றாள்.